13 வயதுப் பையன் பெயரில் ஒரு சம்மன்: ஊராட்சி மன்றத் துணைச் சட்டங்களும் சிறார்களும்

கீழ்வீட்டுப் பெண்மணி ஒரு மாலையில் என்னிடம் கொண்டுவந்து நீட்டிய தாள், மழையில் நனைந்து காய்ந்ததால் ஓரங்கள் சுருண்டிருந்தது. மேலே மலேசியாவின் ஓர் ஊராட்சி மன்றத்தின் சின்னம். அதற்குக் கீழே பெயர், அடையாள அட்டை எண், முகவரி, வாகன எண், இடம், நேரம், மீறப்பட்ட விதி, கட்ட வேண்டிய தொகை என்று வரிசையாகக் கட்டங்கள். வாகன எண்ணுக்குரிய கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். பெயருக்குரிய கட்டத்தில் அவருடைய 13 வயது மகனின் பெயர் இருந்தது. இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் படிக்கும் அந்தப் பையன், பள்ளி விடுமுறைக்கு வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே யாரோ ஒருவர் டியூஷன் வகுப்பு விளம்பரத் தாள்களைக் கட்டாகக் கொடுத்து, விளக்குக் கம்பங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டிவிட்டு வந்தால் கைச்செலவுக்குக் காசு தருவதாகச் சொல்ல, அவனும் ஒட்டியிருக்கிறான். பசை வாளியும் கையுமாக அமலாக்க அதிகாரிகளிடம் அகப்பட்டுக்கொண்டான். "அண்ணே, பையன் பேர்ல சம்மன் வந்திருக்கு. கட்டிட்டா முடிஞ்சிடுமா, இல்ல கோர்ட்டு கேஸுன்னு ஆயிடுமா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

நம்மவர்கள் 'சம்மன்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு தாள்களைக் குறிக்கிறோம் என்பதிலிருந்துதான் அவருக்கான பதிலைத் தொடங்க வேண்டியிருந்தது. தெருவில் நின்றபடி அதிகாரி எழுதித் தருவது கம்பவுண்டு. 'நீங்கள் இந்த விதியை மீறியதாகத் தெரிகிறது, இன்ன தேதிக்குள் இந்தத் தொகையைக் கட்டிவிட்டால் மன்றம் உங்கள்மீது வழக்குத் தொடராது' என்பதே அந்தத் தாளின் பொருள். சம்மன் என்பது நீதிமன்றம் அனுப்பும் அழைப்பாணை. கம்பவுண்டு கட்டப்படாமல் தவணை கடந்து, மன்றம் வழக்குப் பதிவு செய்த பிறகே அது வீடு தேடி வரும். கம்பவுண்டைக் கட்டியவரை எந்த நீதிபதியும் விசாரித்ததில்லை. குற்றவாளி என்று எந்தத் தீர்ப்பும் சொன்னதில்லை. பெரியவர் ஒருவருக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் பணக் கணக்கோடு முடிந்துவிடும். 13 வயதுப் பிள்ளைக்கு அப்படி முடிவதில்லை. நாட்டின் சட்டம் சிறார்களுக்கென்று கட்டிவைத்திருக்கும் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது தாள் வந்த பிறகுதான் செயல்படத் தொடங்குகின்றன.

விளக்குக் கம்பத்தில் தாள் ஒட்டுவது குற்றம் என்று சொல்லும் அதிகாரம் ஓர் ஊராட்சி மன்றத்துக்கு எங்கிருந்து வருகிறது? கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை குற்றவியல் சட்டத்தைக் கூட்டரசுப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஊராட்சி, கூட்டரசுப் பிரதேசங்கள் நீங்கலாக, மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பெண்கள், சிறார், இளையோர் ஆகியோரின் பாதுகாப்பு இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் அடங்குகிறது. தீபகற்பத்தின் மன்றங்கள் துணைச் சட்டங்கள் இயற்றுவதற்கான அதிகாரத்தை 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் தருகிறது. மாநில அரசு உறுதிப்படுத்தி அரசிதழில் வெளியிட்ட பிறகே அவை செல்லுபடியாகும். பினாங்கில் தீவுப் பகுதிக்குப் பினாங்கு மாநகர் மன்றமும் பெருநிலப் பகுதிக்குச் செபராங் பிறை மாநகர் மன்றமும் தனித்தனியே துணைச் சட்டங்களை வைத்திருக்கின்றன. கோலாலம்பூருக்கு மாநில அரசு கிடையாது என்பதால், அங்கே மாநகர் மன்றத்தின் மேயரான டத்தோ பண்டாரும் கூட்டரசுப் பிரதேசங்களுக்குப் பொறுப்பான அமைச்சரும் அந்த இடத்தில் இருக்கிறார்கள்.

இப்படி இயற்றப்படும் துணைச் சட்டங்கள் நம் அன்றாடத்தின் எல்லா மூலைகளையும் தொடுகின்றன: அங்காடிக் கடை, சந்தை, பூங்கா, விளம்பரப் பலகை, நாய் வளர்ப்பு, உணவகம், நீச்சல் குளம். கோலாலம்பூரில் இன்றும் பேசப்படும் விளம்பரத் துணைச் சட்டம் 1982ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்காடி வணிகர் உரிமத் துணைச் சட்டம் 2016ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு துணைச் சட்டத்தை மீறுவோருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றும், குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் வரை சேர்க்கலாம் என்றும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் உச்ச வரம்பு வகுத்தது. சின்ன விஷயம் என்று நாம் நினைக்கும் விதிமீறலுக்கும் ஏட்டளவில் சிறைத் தண்டனை இருக்கிறது என்பதைப் பல பெற்றோர் அறியமாட்டார்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது முதல் இந்த விதிகளை இயற்றும் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. பினாங்கு மாநில அரசு 2012இல் சட்டம் இயற்றி அந்தத் தேர்தலை மீட்க முயன்றபோது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமளிக்கவில்லை. ஆகவே ஒரு துணைச் சட்டம் பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்பதற்கு வாக்குச்சீட்டு வழி இல்லை. கவுண்டரில் நின்று கேட்கலாம், கடிதம் எழுதலாம்.

துணைச் சட்டங்களைப் புரட்டிப் பார்த்தால், ஏறத்தாழ எல்லாக் குற்றப் பிரிவும் 'எந்தவொரு நபரும்' என்றே தொடங்குவதைக் காணலாம். அந்த நபர் 40 வயது வியாபாரியா, 13 வயது மாணவனா என்ற வேறுபாட்டை அந்தச் சொற்றொடர் பார்ப்பதில்லை. இதை மன்றங்களின் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். எந்த வயதில் ஒருவர் குற்றத்துக்குப் பொறுப்பாகிறார் என்பதை முடிவு செய்யும் உரிமை ஒரு மன்றத்துக்கு இல்லை; அது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு வயது, ஜார்ஜ்டவுனில் வேறொரு வயது என்று இருக்க முடியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வயதைப் பற்றிய விதி ஒரு சட்டப் புத்தகத்திலும், தெருவில் நிற்கும் அதிகாரியின் கையிலிருக்கும் விதி இன்னொரு புத்தகத்திலும் இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகாமலே போய்விடுகிறது.

வயதுக் கோடுகளைப் பொறுத்தவரை, தண்டனைச் சட்டத்தின் 82ஆவது பிரிவின்படி 10 வயது நிரம்பாத பிள்ளை செய்யும் எந்தச் செயலும் குற்றமாகாது. 83ஆவது பிரிவின்படி, 10 வயதைக் கடந்து 12 வயது நிரம்பாத பிள்ளை, தான் செய்வது இன்னது, அதனால் விளைவது இன்னது என்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சியை அடையாதிருந்தால் அதுவும் குற்றமாகாது. இந்த விலக்குகள் தண்டனைச் சட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்துக்கும் பொருந்தும். ஊராட்சி மன்றத்தின் துணைச் சட்டமும் அதில் அடங்கும். பூங்காவின் பூச்செடியைப் பிடுங்கிய 9 வயதுச் சிறுமியிடம் அதிகாரி கண்டிப்பாகப் பேசலாம், பெற்றோரை அழைத்துச் சொல்லலாம். கம்பவுண்டு எழுத முடியாது, ஏனெனில் கம்பவுண்டு எழுதுவதற்கு அங்கே ஒரு குற்றமே நடக்கவில்லை. ஐ.நா.வின் சிறார் உரிமைக் குழு 2019இல் வெளியிட்ட விளக்கவுரையில், பொறுப்பேற்கும் வயது குறைந்தது 14ஆவது இருக்க வேண்டும் என்று நாடுகளை ஊக்குவித்தது. ஐ.நா.வின் சிறார் உரிமை உடன்படிக்கையில் 1995இல் இணைந்த மலேசியாவில், தண்டனைச் சட்டம் வகுத்த 10 என்ற கோட்டுக்கும் அந்தப் பரிந்துரைக்கும் இடையே நான்காண்டு இடைவெளி இருக்கிறது. நம் 13 வயதுப் பையன் அந்த இடைவெளியில்தான் நிற்கிறான்.

10 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்டவர்களை 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. 1947ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டம், 1973ஆம் ஆண்டின் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டம், 1991ஆம் ஆண்டின் சிறார் பாதுகாப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் நீக்கி, அவற்றின் இடத்தில் இது 2002 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்தது. 18 வயது நிரம்பாதவர்மீது சாட்டப்படும் குற்றத்தைச் சிறார் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. மரண தண்டனைக்குரிய குற்றங்களும், பெரியவரோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்படும் நிலையும் மட்டுமே இதற்கு முக்கிய விலக்குகள். ஆகவே கம்பவுண்டு கட்டப்படாமல் வழக்காகும்போது, மன்றத்தின் வழக்குகளை வரிசையாக முடித்துத்தரும் வழக்கமான மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், கடைக்காரர்களுக்கும் கார் உரிமையாளர்களுக்கும் நடுவில் அந்தப் பையனை நிறுத்த முடியாது. விளம்பரத் தாள் ஒட்டிய வழக்கானாலும் அது சிறார் நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

அங்கே நடப்பது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். ஒரு மாஜிஸ்திரேட்டும் அவருக்குத் துணையாக இரு ஆலோசகர்களும் அமர்வார்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை பூட்டிய அறையில் நடக்கும். பிள்ளை, பெற்றோர் அல்லது பாதுகாவலர், வழக்கறிஞர், சாட்சிகள், நீதிமன்ற ஊழியர்கள் ஆகியோரைத் தவிர மற்றவர்கள் உள்ளே இருக்க நீதிமன்றத்தின் அனுமதி தேவை. பெற்றோர் வந்தே ஆக வேண்டும். குற்றச்சாட்டைப் பிள்ளைக்குப் புரியும் எளிய மொழியில் நீதிமன்றம் விளக்க வேண்டும். பொறுப்பு மெய்ப்பிக்கப்பட்ட பிறகும் உடனே ஆணை பிறப்பிக்க முடியாது. நன்னடத்தை அதிகாரி தயாரிக்கும் அறிக்கையை முதலில் பார்த்தாக வேண்டும். பிள்ளையின் பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நிலை ஆகிய எல்லாம் அதில் இருக்கும். அறிக்கை கைக்கு வந்த பிறகு நீதிமன்றத்தின் முன் பல வழிகள் உண்டு: கண்டித்து அனுப்புதல், நன்னடத்தைப் பிணையில் விடுதல், உறவினர் பொறுப்பில் ஒப்படைத்தல், அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூகநல இலாகாவின் துனாஸ் பக்தி சீர்திருத்தப் பள்ளி, சிறைத்துறையின் ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளி. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக சேவை ஆணையையும் இவற்றோடு சேர்த்தது. 14 வயது நிரம்பாத எவரையும் எந்தக் குற்றத்துக்காகவும் சிறைக்கு அனுப்பக் கூடாது. அபராதம் கட்டாத காரணத்துக்காகவும் அனுப்பக் கூடாது. துணைச் சட்டத்தின் 'ஓராண்டு வரை சிறை' என்ற வாசகம் நம் பையனைப் பொறுத்தவரை இங்கே செல்லாததாகிவிடுகிறது.

சிறார் நீதிமன்றத்தில் கையாளப்படும் பிள்ளையைக் குறித்துப் பேசும்போது 'தண்டிக்கப்பட்டவர்', 'தண்டனை' என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்கிறது சிறார் சட்டம். 'குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது', 'அதன் பேரில் ஆணை பிறப்பிக்கப்பட்டது' என்றே சொல்ல வேண்டும். வெறும் சொல்மாற்றம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. 'உன் பிள்ளை தண்டனை வாங்கினவன்தானே' என்ற ஒரு வாக்கியம் எத்தனை வீடுகளில் எத்தனை ஆண்டுகள் ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்பதைத் தெரிந்தவர்களுக்கு, சட்டம் ஏன் அந்தச் சொல்லைத் தேடி எடுத்து அப்புறப்படுத்தியது என்பது புரியும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாமே நீதிமன்ற வாசலில்தான் தொடங்குகின்றன என்பதே என்னை உறுத்தும் விஷயம். கடையில் இனிப்புப் பொட்டலம் திருடிய 13 வயதுப் பிள்ளை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டால், அவனுக்காக ஒரு நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வருவார், பள்ளியில் விசாரிப்பார். அந்த வீட்டில் அப்பா வேலை இழந்து கிடக்கிறார் என்றால் அது அறிக்கையில் ஏறும். விளக்குக் கம்பத்தில் தாள் ஒட்டிய 13 வயதுப் பிள்ளை கம்பவுண்டோடு திரும்பினால், அவனைப் பற்றி எவரும் எதுவும் கேட்பதில்லை. சின்னக் குற்றத்துக்குப் பெரிய விசாரணை வேண்டாம் என்பது நியாயமே. நன்னடத்தை அதிகாரிகளைக் கம்பவுண்டுத் தாள்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் 'இவன் வயது என்ன, இவனோடு பெரியவர் யார் இருக்கிறார்கள், இந்த வேலையை இவனிடம் யார் கொடுத்தார்கள்' என்ற மூன்று கேள்விகளைக் கேட்க ஓர் அதிகாரியும் இரண்டு நிமிடமும் போதும். வயதைத் தெரிந்துகொள்வதற்குக் கேட்கக்கூட வேண்டியதில்லை. 12 வயதில் நம் பிள்ளைகள் எடுக்கும் மைகார்டு அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் இருக்கின்றன. அந்த ஆறு இலக்கங்களை அதிகாரி தன் கையால் தாளில் எழுதியிருக்கிறார், ஆனால் அவற்றை வயதாகப் படிக்கவில்லை.

மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விடுவதன் விலை இன்னும் அதிகம். கம்பங்களில் ஒட்டப்படும் தாள்களில் டியூஷன் விளம்பரம் தீங்கற்றது. அதே கம்பங்களில் ஆலோங் எனப்படும் சட்டவிரோதக் கடன்காரர்களின் தொலைபேசி எண்களும் ஒட்டப்படுகின்றன. அவற்றை ஒட்டுவதற்கும் கடன் வாங்கியவர் வீட்டுக் கதவில் சாயம் ஊற்றுவதற்கும் பதின்ம வயதினரைக் காசு கொடுத்துப் பயன்படுத்துவது இந்நாட்டில் புதிய செய்தி அல்ல. அகப்படுவது எப்போதும் ஒட்டியவன், ஒட்டச் சொன்னவன் அல்ல. சிறார் சட்டத்தின் 32ஆவது பிரிவு, பிச்சை எடுப்பதற்கோ உரிமமில்லாத அங்காடி வியாபாரத்துக்கோ சட்டவிரோத லாட்டரிக்கோ சூதாட்டத்துக்கோ சிறாரின் நலனுக்குக் கேடான பிற சட்டவிரோத நடவடிக்கைக்கோ ஒரு பிள்ளையைத் தெருவில் நிறுத்தும் பெரியவரைக் குற்றவாளியாக்குகிறது. எல்லா விளம்பரத் தாளும் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் பெயரில் கம்பவுண்டு எழுதி முடித்ததும் கோப்பு மூடப்பட்டால், அந்தப் பிரிவு பொருந்துமா என்று பார்ப்பதற்குக்கூட யாரும் இருக்கமாட்டார்கள்.

பணம் யார் கட்டுவது என்பதைப் பற்றியும் சட்டம் யோசித்திருக்கிறது. சிறார் நீதிமன்றம் அபராதம் விதிக்கும்போது, அதைப் பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரோ பாதுகாவலரோ கட்ட வேண்டும் என்று ஆணையிடலாம். ஆனால் பிள்ளை தவறு செய்வதற்குத் தங்கள் கவனக்குறைவு காரணமல்ல என்று அவர்கள் விளக்க இடமுண்டு. அதை நீதிமன்றம் கேட்க வேண்டும். பெற்றோரிடமிருந்தே பிணை எழுதி வாங்கவும், பிள்ளையோடு சேர்ந்து பயிலரங்குகளுக்குப் போகும்படி சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கம்பவுண்டில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. அந்தப் பணம் பெற்றோர் பையிலிருந்துதான் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் வந்து தூங்கும் தாயால் பள்ளி விடுமுறையில் பிள்ளையின் பின்னால் நிற்க முடியுமா என்று கேட்க எவருக்கும் கடமை இல்லை.

எல்லாச் சட்டங்களும் வயதைப் பார்க்காதவை அல்ல. பொதுச் சுகாதாரத்துக்கான புகைபிடித்தல் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ மின்சிகரெட்டோ விற்பதைத் தடைசெய்யும் அந்தச் சட்டம், புகைபிடித்து அகப்படும் சிறாருக்கு 500 ரிங்கிட் வரை அபராதம் அல்லது சமூக சேவை என்று தனியே வரம்பு வகுத்திருக்கிறது. விற்பவருக்கு ஒன்று, வாங்கும் பிள்ளைக்கு வேறொன்று என்று பிரித்துப் பார்த்த இந்த அமைப்பு துணைச் சட்டங்களுக்கும் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். கேளிக்கை மையங்களின் உரிம நிபந்தனைகளும் ஏறக்குறைய இந்த வழியில் போகின்றன. பள்ளிச் சீருடையில் ஸ்னூக்கர் மையத்துக்குள் நிற்கும் மாணவனைப் பார்த்தால், அங்கே முதலில் பதில் சொல்ல வேண்டியவர் உரிமம் வைத்திருக்கும் முதலாளி.

குப்பை விஷயத்தில் நிலைமை அண்மையில் மாறியிருக்கிறது. 2025இல் நாடாளுமன்றம் ஊராட்சி மன்றச் சட்டத்தையும், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தையும், 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தையும் திருத்தியது. அதன்படி 2026 ஜனவரி 1 முதல், பொது இடத்தில் சிறு குப்பை போடுவோருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதம் விதிப்பதோடு, 12 மணி நேரம் வரை சமூக சேவை செய்யவும் நீதிமன்றம் ஆணையிடலாம். மூன்று சட்டங்களைத் திருத்தியதற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூர் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்காமல், தன் மன்றங்களின் வழியே குப்பையைக் கையாள்கிறது. ஒரே நெகிழிக் குவளையைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் போட்டால் ஒரு சட்டம், தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் போட்டால் இன்னொரு சட்டம். சமூக சேவை ஆணையை நீதிமன்றம் மட்டுமே தர முடியும் என்பதால், முன்பு கம்பவுண்டோடு முடிந்த குப்பை வழக்குகள் நீதிமன்றப் படியேறும் வாய்ப்பு கூடியிருக்கிறது. அந்த வழக்கில் நிற்பவருக்கு 16 வயது என்றால், அவர் போக வேண்டிய இடம் சிறார் நீதிமன்றம் என்பதை வழக்குத் தொடுப்பவர்களும் பெற்றோரும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தெருவில் நிற்கும் சீருடை எது என்று பிரித்தறிவதும் பயன்படும். வீட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன 15 வயது மகன் அதைத் தவறான இடத்தில் நிறுத்தினால், நிறுத்தக் கம்பவுண்டு வண்டியின் உரிமையாளரான அப்பாவின் பெயரில் வரும். ஆனால் 16 வயது நிரம்பாமல், உரிமமில்லாமல் ஓட்டியது போலீசும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் கையாளும் வேறு குற்றம். உரிமமில்லாதவர் ஓட்ட அனுமதித்தவரும் அதே 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் பொறுப்பாகிறார். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் தடை செய்யப்பட்ட பட்டாசு 1957ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டத்தின் கீழ் வரும், துணைச் சட்டத்தின் கீழ் அல்ல. அமெரிக்க நகரங்கள் பலவற்றில், இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் சிறார் வெளியே இருப்பதையே உள்ளூர்ச் சட்டம் குற்றமாக்குகிறது. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அப்படிப் பொதுவான இரவுத் தடை எதுவும் துணைச் சட்டத்தில் இல்லை. நள்ளிரவில் 'மாமாக்' உணவுக் கடையில் உட்கார்ந்திருக்கும் 16 வயதுப் பையன், உட்கார்ந்திருப்பதாலேயே எந்த விதியையும் மீறியவன் ஆகமாட்டான்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். குப்பை போட்ட பையன், சுவரில் சாயம் தெளித்த பிள்ளை என்று முகம் தெரியும் படத்தைப் பிடித்துப் பகிர்ந்து, 'இவனைத் தெரியுமா' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. குற்றச் செயலில் தொடர்புடையதாகக் கருதப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதைச் சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடுக்கிறது. விசாரணைக்கு முந்திய கட்டமும் அதில் அடங்கும். மின்னணு ஊடகத்தின் வழியே படத்தை அனுப்புவதும் அதில் அடங்கும். இதற்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ உண்டு. பிள்ளை போட்ட குப்பையைவிட அதைப் பகிர்ந்த பெரியவர் எதிர்நோக்கும் தண்டனை பல மடங்கு பெரியது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கம்பவுண்டு ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அந்தப் படம் பையனின் படிவம் ஐந்து வரையில் அவன் பின்னாலேயே வரும்.

கீழ்வீட்டுப் பெண்மணிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: உடனே இணையத்தில் கட்டிவிட வேண்டாம், தவணைத் தேதி கடக்கவும் விட வேண்டாம். பையனையும் அவன் அடையாள அட்டையையும் கையோடு அழைத்துப் போய், கவுண்டரில் வயதைச் சொல்லி, தொகையைக் குறைக்கவோ எச்சரிக்கையோடு விடவோ எழுத்தில் கேளுங்கள். விளம்பரத் தாளைக் கொடுத்தவர் யார் என்பதையும், அந்தத் தாளில் இருக்கும் தொலைபேசி எண்ணையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். வழக்கு என்று வந்துவிட்டால் அது சிறார் நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று கேளுங்கள். குற்றச்சாட்டை எதிர்நோக்கும் மலேசியச் சிறாருக்குத் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார்.

இரண்டு வாரம் கழித்து, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் பையனோடு பேருந்தில் அந்த ஊருக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கி, முதல் இலக்கங்களைப் பார்த்து விரல் விட்டு எண்ணிவிட்டு, பையனை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, தொகையைப் பாதிக்கும் கீழே குறைத்துத் தந்தார். கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார்கள். தாளைக் கொடுத்தவரைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. பெண்மணி பணத்தைக் கட்டி, ரசீதை என்னிடம் காட்டக் கொண்டுவந்தார். செலுத்தியவர் என்ற இடத்தில் பையனின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.